புதுத் துவக்கைப் பழி சொல்ல முன்

ஆசிரியர் அவர்கட்கு,

குரங்கு, மர அணில் தொல்லைக்காக எயார் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துவக்கு) வாங்கிய கமக்காரர்களின் முறைப்பாடுகள் உங்கள் பக்கங்களில் வந்தவண்ணம் உள்ளன. சாரம் ஒன்றுதான்: துவக்கு புதிது, காசும் கொஞ்சமல்ல, ஆனால் பார்த்த இடத்தில் படுவதில்லை; குழல் பிழை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் இலங்கை முழுக்கக் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. குழலைப் பழி சொல்வதோடுதான் எனக்கு உடன்பாடில்லை. புது எயார் ரைபிளில் குழல் உண்மையிலேயே கெட்டிருப்பது அரிது. ஆணி, சன்னம் (துவக்கில் போடும் சிறு குண்டு), பிடிக்கும் விதம், ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஆகிய நான்கையும் பார்க்காமல் துவக்கைத் திருப்பிக் கொண்டுபோவது வீண் அலைச்சல்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஐந்து வெடியும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, அந்த இடம் குறியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் துவக்கில் குறையே இல்லை. சைற்றை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருப்பினால் சரி. ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால்தான் கோளாறு. ஒரு வெடி வைத்து, அது இடப்பக்கம் போனது என்று சைற்றைத் திருப்பி, அடுத்தது வலப்பக்கம் போனதும் திரும்பவும் திருப்புபவர் நாள் முழுக்கச் சுட்டாலும் ஒரு முடிவுக்கும் வரமாட்டார். ஐந்து வெடிக்கு முன் சைற்றைத் தொடக்கூடாது.

எவ்வளவு நெருக்கம் எதிர்பார்க்கலாம்? நடுவில் முறித்து ஏற்றும் சாதாரண ஸ்பிறிங் ரைபிள், பொருத்தமான சன்னத்தோடு, 20 மீற்றரில் ஐந்து வெடியை ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி மறைக்கும் வட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ இரண்டேகால் சென்ரிமீற்றருக்குள் போட்டால் நல்ல துவக்கு. நான்கு சென்ரிமீற்றர் என்றால் ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். பத்துக்கு மேல் போனால் ஏதோ கழன்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழல்வதில் முன்னுக்கு நிற்பது சோங்கை, அதாவது துவக்கின் மர அல்லது பிளாஸ்ரிக் கட்டையை, பிடித்திருக்கும் புரியாணிகள். சோங்கின் முன்பகுதியான முன்கையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, விசை வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இந்த வகைத் துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் முன்னும் பின்னுமாக உதறுவதால், தொழிற்சாலையில் இறுக்கியது ஐம்பது வெடிக்குள் இளகிவிடும். மரச் சோங்கானால் மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கவும் செய்யும். ஆணித் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குறூ டிறைவரால் அல்லது எலன் கீயால், மணிக்கட்டு வலுவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். முழங்கை வலுக் கொடுத்தால் மரம் நசியும், பிளாஸ்ரிக் சோங்கு வெடிக்கும். பிறகும் இளகினால் பல் வாசர் ஒன்றைப் போடுங்கள். புரியில் ஒரு துளி நகப்பூச்சு வைத்து முறுக்கினாலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் சுட முன் இந்த ஆணிகளைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். என் கணிப்பில் முறைப்பாடுகளில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அடுத்தது குழல் முறியும் மூட்டு. துவக்கில் சன்னம் இல்லை, ஸ்பிறிங் ஏற்றப்படவில்லை என்று உறுதிசெய்தபின், குழலை மூடிய நிலையில் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் 20 மீற்றரில் அது விரற்கடைக் கணக்கில் தெரியும். மூட்டு ஆணியைச் சற்று இறுக்க வேண்டும். சில துவக்குகளில் அதற்கு ஒரு பூட்டு ஆணியும் உண்டு, அதை முதலில் தளர்த்த வேண்டும். அதே மூட்டில் குழலின் பின்வாயைச் சுற்றி ஒரு றப்பர் வளையம் இருக்கும். அது நைந்தாலோ பதிந்து போனாலோ காற்றுக் கசியும். வெடிக்கு வெடி வேகம் மாறி, சன்னங்கள் மேலும் கீழுமாக ஒரு கோட்டில் விழும். மூட்டின் மேல் ஒரு மெல்லிய ரிசுக் கடதாசித் துண்டை வைத்துச் சுட்டால் கசிவு இருந்தால் அது துள்ளும். வளையத்தின் அடியில் கடதாசி வளையம் ஒன்று வெட்டி வைத்து உயர்த்தலாம். அளவு பிடிபட்டால் தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடைகளிலும் ஓ றிங் எடுக்கலாம்.

சன்னத்துக்கு வருவோம். கடையில் இருப்பதை வாங்கி, அதைக்கொண்டே துவக்கைத் தீர்ப்பிடுகிறார்கள். ஒரு துவக்கு விரும்பும் சன்னத்தை அதே தயாரிப்பின் இன்னொரு துவக்கு ஏற்காது. 4.5 மில்லிமீற்றர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் தலை விட்டம் 4.50, 4.51, 4.52 என்று வேறுபடும். தளர்வான சன்னம் குழலில் தானாகவே விழும். பெரியது விரலால் தள்ளினாலும் போகாது. பெருவிரலின் மெல்லிய அழுத்தத்தில் உள்ளே போய், விளிம்போடு சமமாக நிற்பதே வேண்டும். சன்னத்தின் விரிந்த பின்பக்கமான பாவாடை நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மலிவுப் பெட்டிகளில் பத்துக்கு ஒன்றிரண்டு அப்படி வந்தாலும் ஆச்சரியமில்லை. ஐந்தில் நான்கு சேர்ந்து, ஒன்று மட்டும் ஓடிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தலை உருண்டையான ஈயச் சன்னத்தோடு தொடங்குங்கள். 4.5 குழலுக்கு 8 கிறேன் அளவில், அதாவது அரைக் கிராமுக்குச் சற்று மேல், 5.5 குழலுக்கு 14 முதல் 16 கிறேன், ஏறத்தாழ ஒரு கிராம். தட்டைத் தலை 20, 25 மீற்றர் வரை நன்றாகவே போகும், அதற்கப்பால் அலையும். கூர்த் தலை பார்வைக்குத்தான் பயங்கரம். கூர் நடுவில் இல்லாவிட்டால் சுழலும்போது தள்ளாடும். பெட்டியில் செக்கனுக்கு 1,250 அடி என்று பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பி, ஈயமற்ற இலேசான சன்னம் வாங்குவோர் இருக்கிறார்கள். எங்கள் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றரளவு. அதைத் தாண்டிப் புறப்பட்டுப் பாதி வழியில் அதற்குக் கீழே இறங்கும் சன்னம் நிலைகுலையும். 250 மீற்றர் வேகத்தில் அமைதியாகப் போகும் பாரமான சன்னமே குறிக்கு நல்லது. வேகம் விளம்பரத்துக்கு.

மூன்று நான்கு வகையைப் பரீட்சிக்கும்போது, வகை மாற்றிய உடனே வரும் வெடிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன் சன்னத்தின் ஈயப் பூச்சு குழலில் இருக்கும். பத்து இருபது வெடிக்குப் பிறகே புது வகை தன் குணத்தைக் காட்டும். பிறகு ஐந்து ஐந்தாக மூன்று தாளில் சுட்டு ஒப்பிடுங்கள். ஒரு தாள் நன்றாக வந்ததைப் பத்திரப்படுத்தி, மோசமான இரண்டைக் கசக்கி எறிவது தன்னைத்தானே ஏமாற்றுவது.

புதுத் துவக்கு முதல் நாள் புகை கக்குவதும், சில வெடி மட்டும் படாரென்று கேட்பதும் பலரைப் பயப்படுத்துகிறது. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது எழும் சூட்டில், உள்ளே மிஞ்சிய கிறீஸும் எண்ணெயும் தீப்பற்றுகின்றன. டீசல் என்ஜினில் நடப்பது இதுவே. அந்த வெடிகளின் வேகம் தாறுமாறாக இருப்பதால் முதல் நூறு இருநூறு சன்னங்களை வைத்துத் துவக்கை அளக்கக் கூடாது. அது தானாக அடங்கும். அடங்காமல் செய்வது எங்கள் ஆட்களின் எண்ணெய்ப் பாசம்: காற்று வரும் துளைக்குள் தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய், ஏன் நல்லெண்ணெய் கூட விடுகிறார்கள். அது பிஸ்டன் சீலைக் கருக்கும், ஸ்பிறிங்கை முறிக்கும். அந்தத் துளைக்குள் ஒன்றும் விட வேண்டாம். கடற்காற்றுக்கு வெளியிரும்பு ஒரு மாரியில் துருப்பிடிக்கும் என்பது உண்மை. அதற்கு எண்ணெய்த் துணியால் வெளியே துடைத்தால் போதும். றெக்சின் உறைக்குள் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

குழலின் உட்புறத்தைத் தொடக்கத்தில் ஒரு தடவை துடைப்பது நல்லது. தங்கூசி நூலை இரட்டையாக மடித்துப் பின்வாயிலிருந்து நுனிக்கு விட்டு, மடிப்பில் பழைய வேட்டித் துண்டொன்றைச் செருகி இழுக்க வேண்டும். கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றி இழுங்கள். இரும்புக் கம்பியோ கம்பி பிரஷோ வேண்டாம். எயார் ரைபிள் குழல் மெல்லிரும்பு, ஈயம் மட்டும் போவதற்காகச் செய்தது. துடைத்த பின்னும் முதல் பத்து வெடி சிதறும், பதற வேண்டியதில்லை.

பிடிக்கும் விதத்தை யாரும் கோளாறாக நினைப்பதில்லை, ஆனால் இங்கேதான் பழைய வேட்டைத் துவக்குக்காரரும் வழுக்குகிறார். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய, துவக்கு பின்னே வரும். பிஸ்டன் முட்டியதும் துவக்கு முன்னே உதறும். இவ்வளவும் நடக்கும்போது சன்னம் இன்னும் குழலை விட்டு முழுதாக வெளியேறியிருக்காது. ஆகவே துவக்கு எப்படி அசைய விடப்படுகிறது என்பதே சன்னம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கம் வேறாகும், குறியும் வேறாகும். மதிலின் மேலோ மேசை விளிம்பிலோ நேரே வைத்துச் சுட்டால், வன்பொருளில் பட்டுத் துள்ளி மேலே போகும். குழலை ஒன்றிலும் சாத்தவே கூடாது.

முன்கைச் சோங்கைத் திறந்த உள்ளங்கையில், விரல் மடக்காமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். விசை வளையத்துக்குச் சற்று முன்னால் தொடங்கி, இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக முன்னே நகர்த்திப் பார்த்தால் துவக்கு எங்கே அமைதியடைகிறது என்பது தாளில் தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். தோளில் தொட்டால் போதும், அமுக்க வேண்டாம், கன்னமும் அப்படியே. கையின் கீழே மணல் நிரப்பிய உரப்பை இருக்கலாம், துவக்கின் கீழே கை இருக்க வேண்டும். வெடி போன பின்னும் ஒரு நொடி குறியைப் பார்த்தபடியே இருங்கள். பெரும்பாலானோர் விசையை இழுத்த கணமே தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்கிறார்கள்.

இனி ஸ்கோப். நான் சொல்வது கடைக்காரருக்குப் பிடிக்காது: சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புச் சைற்றில் 10 மீற்றரில் சுடுங்கள். அப்போது சன்னங்கள் சேர்ந்து விழுந்தால் குழல் குற்றமற்றது, கோளாறு ஸ்கோப்பில். இரும்புச் சைற்றே இல்லாமல் வரும் துவக்குகளில் இது முடியாது. நம்பகமான வேறொரு ஸ்கோப்பை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய வேட்டை ரைபிளுக்குச் செய்த விலையுயர்ந்த ஸ்கோப் எயார் ரைபிளில் உடையக்கூடும். பெரிய ரைபிள் பின்னால் மட்டுமே உதைக்கும். ஸ்பிறிங் ரைபிள் இரு பக்கமும் உதறுவதால் உள்ளே வில்லைகளும் குறிக்கோடும் கழலும். வாங்கும்போது ஸ்பிறிங் எயார் ரைபிளுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்த உதறலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் தாங்கி, துவக்கின் மேலுள்ள தவாளிப்பு வழியே மெல்ல மெல்லப் பின்னே நகரும். தாங்கியின் முன்விளிம்பை ஒட்டிப் பென்சிற் கோடு ஒன்று போட்டு இருபது வெடிக்குப் பிறகு பாருங்கள். இடைவெளி தெரிந்தால் குறி ஏன் வெடிக்கு வெடி ஒரே பக்கமாக ஊர்ந்தது என்பது விளங்கும். இரண்டு தனித்தனித் தாங்கிகளை விட, அடியில் ஊசி உள்ள ஒற்றைத் தாங்கி நல்லது. அந்த ஊசி துவக்கின் மேலுள்ள துளையில் இறங்க வேண்டும். வளைய ஆணிகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் முறுகும்.

திருகும் குமிழில் 1/4 என்று இருப்பது 100 யார் (கஜம்) தூரத்தில் கால் அங்குலம் என்பதாகும். 20 மீற்றரில் ஒரு கிளிக் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே நகர்த்தும். மூன்று சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் இருபது கிளிக் வேண்டும். நான்கு கிளிக் திருப்பி ஒன்றும் நகரவில்லை, ஸ்கோப் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

முறியும் குழல் ஸ்கோப்பின் கோட்டுக்குச் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது சாதாரணம். அதை ஈடுகட்டக் குமிழை மேலெல்லை வரை திருகினால், உள்ளே குழாயைத் தாங்கும் சிறு வில் தளர்ந்து, குறிக்கோடு வெடிக்கு வெடி இடம் மாறும். அப்போது பின் வளையத்தின் அடியில், மென்பானத் தகரத்தில் வெட்டிய ஒரு பட்டியை வைத்து ஸ்கோப்பின் வாலை உயர்த்த வேண்டும். தகரத்தின் தடிப்பு 0.1 மில்லிமீற்றரளவு, வளையங்கள் பத்து சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால் ஒரு பட்டி 20 மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்தும். மூன்று பட்டிக்கு மேல் தேவைப்பட்டால் அதற்கென்றே செய்த சாய்வுத் தாங்கி வாங்குவதே நல்லது.

இன்னொன்று, பெரிய ரைபிள் ஸ்கோப்புகளின் குவியத்தை 100 யார் தூரத்துக்கு வைத்திருப்பார்கள். 15 மீற்றரில் கண் சற்று விலகினாலே குறிக்கோடு இலக்கின் மேல் நகரும். துவக்கை மண்மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்தால், முன் வளையத்தில் தூரம் மாற்றும் வசதியுள்ள ஸ்கோப்பே உங்களுக்குத் தேவை.

சுடும் நேரமும் முக்கியம். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் பின்னேரம் துவக்கைப் பரீட்சிப்பது வீண் வேலை. வடலி ஓலை விடாமல் சலசலக்கும் அளவு குறுக்குக் காற்று, 8 கிறேன் சன்னத்தை 20 மீற்றரில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிவிடும். விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சுடுங்கள். தாளில் சன்னங்கள் கிடையாகப் பரவியிருந்தால் காற்றையோ மூட்டின் ஆட்டத்தையோ துவக்கைச் சரித்துப் பிடித்ததையோ தேடுங்கள். நிலைக்குத்தாகப் பரவினால் கசிவு, எண்ணெய், கையின் இடம். இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்கோப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சன்னத்தையும் தாங்கியையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இத்தனையும் செய்தும் சிதறினால் குழலின் நுனியைப் பார்க்கலாம். வாயின் உள்விளிம்பில் பஞ்சை மெல்லச் சுற்றி இழுங்கள். ஒரே இடத்தில் நார் பிடிபட்டால் அங்கே பிசிறு இருக்கிறது. நுனியில் பூட்டிய கனமான உறையின் உள்ளே ஈயக் கீறல் இருந்தால் சன்னம் அதில் உரசுகிறது. இவை தொழிற்சாலைப் பிழைகள், உத்தரவாதத்தில் கேட்கலாம். ஆனால் குழலைத் திறந்தபடி விசையை இழுத்து, அது பட்டென்று மூடி மேலே வளைந்துபோனால் கடைக்காரர் பொறுப்பில்லை. விரல் தப்பியதற்குச் சந்தோசப்படுங்கள். சன்னம் போடாமல் வெறும் வெடி வைப்பதும், குழலை அறைந்து மூடுவதும், ஏற்றிய ஸ்பிறிங்கை மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் புதுத் துவக்கைப் பழசாக்கும் வேலைகள்.

20 மீற்றருக்குச் சைற் வைத்த 4.5 துவக்கு, 250 மீற்றர் வேகத்தில், 10 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் தாழவும் 35 மீற்றரில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் தாழவும் படும். அதற்கப்பால் தோட்டத்துக்கு இந்தத் துவக்கு வேண்டாம். எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்திடமும், துவக்கு வைத்திருப்பது பற்றிப் பொலிசிடமும் கேட்டறிய வேண்டும். மிரட்டத்தானே சுடுகிறோம், குறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கே படக்கூடாது என்பதற்குத்தான் குறி. சன்னம் வயிற்றில் தங்கிய குரங்கு அன்று சாகாது, நாட்கணக்கில் சீழ்பிடித்துச் சாகும். தென்னை வட்டை நோக்கி மேலே சுட்ட சன்னம் 300 மீற்றருக்கும் அப்பால் போய் யாருடைய முற்றத்திலோ விழும். எங்கள் காணிகளின் அகலம் எல்லாருக்கும் தெரியும். பரீட்சிக்கும்போது தாளுக்குப் பின்னால் மணல் நிரப்பிய உரப்பை இரண்டு வேண்டும். சுண்ணக்கல் மதிலிலும் பனையின் வைரத்திலும் பட்ட சன்னம் திரும்பி வரும். கண்ணாடி போடுங்கள்.

கமநல சேவை நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். துவக்கு வைத்திருப்போரை ஒரு காலை அழைத்து, ஆணி இறுக்கவும் 20 மீற்றரில் சைற் வைக்கவும் காட்டிக்கொடுத்தால் பாதி முறைப்பாடு நின்றுவிடும். கடைக்காரர்களுக்கும் ஒன்று: ஐந்நூறு சன்னப் பெட்டியை முழுதாகத் தலையில் கட்டாமல், நான்கு வகையில் முப்பது முப்பதாகச் சிறு பொதி செய்து விற்றால், எது தன் துவக்குக்குப் பொருந்தும் என்று கமக்காரர் பார்த்துவிட்டு வந்து பெட்டியாக வாங்குவார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொடிகாமம்.